கைமணம்

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டுகளிலும் ஆவணங்களிலும் மட்டும் தங்கியிருப்பதில்லை. அங்கு வாழ்வோரின் அடுக்களைகளிலும் தங்கியிருக்கிறது. ஆறும் கடலும் தந்ததை உண்டும், பிழைக்க வந்தோர் கொண்டுவந்ததைச் சேர்த்துக்கொண்டும் வளர்ந்தது வடசென்னை. அந்த மண்ணைவிட்டு விலகிச் சென்ற ஒருவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் தம் மகளுடன் அங்குத் திரும்பியபோது பெற்ற பட்டறிவே இக்கட்டுரை.

*

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். 'என் அம்மாவின் ஊர்' என்னும் தலைப்பில் ஒரு பக்கம் எழுதிவருமாறு பள்ளியில் கூறியிருந்தார்கள். "என் அம்மாவின் ஊர் சென்னை" என்று அவள் தொடங்கியிருந்தாள். மெரினா கடற்கரை, கலங்கரை விளக்கம், மயிலாப்பூர்த் தேரோட்டம் எல்லாம் அந்தப் பக்கத்தில் இடம்பெற்றிருந்தன. அழகாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால், அவற்றுள் ஒன்றுகூட என் ஊர் அன்று. பிழை அவளுடையதும் அன்று. நான் பிறந்து வளர்ந்த எண்ணூரின் பெயரை என் வீட்டுக்குள்கூட நான் உரக்கச் சொன்னதில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1993ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தேன். விடுதிக்குப் புறப்பட்ட அன்று, அம்மா ஒரு ஹார்லிக்ஸ் புட்டி நிறையச் சென்னாக்கூனிப் பொடியை இடித்து நிரப்பிக் கொடுத்தார். சென்னாக்கூனி என்பது மிகச் சிறிய இறாலைக் காயவைத்தது. அதை வெறும் சட்டியில் வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு சேர்த்து இடித்தால், சுடுசோற்றில் பிசைந்து உண்ண வேறொன்றும் வேண்டா. விடுதியில் முதல்நாள் இரவு ஆவலோடு புட்டியைத் திறந்தேன். அறைத்தோழியர் மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டனர். ஒருத்தி சன்னலைத் திறந்தாள். "எந்த ஊர் நீ?" என்று கேட்டாள். "சென்னை" என்றேன். மறுநாள் விடியுமுன் அந்தப் புட்டியை விடுதிக்குப் பின்னாலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். அந்த வாரமே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பொடியை எல்லாரும் விரும்பிச் சாப்பிட்டார்கள் என்று.

படிப்பும் வேலையும் திருமணமும் என்னைக் கோயம்புத்தூரிலேயே நிறுத்திவிட்டன. அப்பா பணி ஓய்வுபெற்றதும் பெற்றோர் என் அண்ணனோடு வேறு ஊருக்குச் சென்றனர். நாங்கள் இருந்தது வாடகை வீடு. எனவே எண்ணூருக்குத் திரும்பிப்போகக் கதவொன்று இல்லாமற் போயிற்று. அம்மா மறைந்தும் ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. மகள் எழுதிய பக்கத்தை மடித்து அவளிடமே கொடுத்தேன். "பொங்கல் விடுமுறையில் என் ஊருக்குப் போவோம். அதன்பிறகு எழுது" என்றேன்.

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு காலைப்பொழுது. சென்னை சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ இரயிலில் ஏறினோம். நான் ஊரைவிட்டுச் சென்ற காலத்தில் இந்தப் பாதை இல்லை. 2021 பிப்ரவரியில்தான் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை இது நீண்டது. சுரங்கத்தைவிட்டு வண்டி மேலேறியதும் வலப்பக்கம் கடல் தெரிந்தது. இடப்பக்கம் தொழிற்சாலைக் கூரைகளும் புகைபோக்கிகளும் எண்ணெய்க் கலங்களும் தெரிந்தன. "இரண்டுக்கும் நடுவில்தான் மக்கள் இருக்கிறார்களா?" என்றாள் மகள். "ஆம், இரண்டையும் நம்பித்தான் இருக்கிறார்கள்" என்றேன்.

காலடிப்பேட்டை நிலையம் வந்தபோது அவள் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சிரித்தாள். யாருடைய காலடி என்று கேட்டாள். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலட். அவர் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய சிற்றூர் காலட் பேட்டை. மக்கள் நாவில் அது காலடிப்பேட்டை ஆயிற்று. பிழைப்புத் தேடி வந்தவர்களால் ஆனது இந்தப் பகுதி. தறியோடு சிலர் வந்தனர். பின்னர், தீப்பெட்டி, மோட்டார் வாகனம், உரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு என ஆலைகள் எழ எழ, பல மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வந்தனர். என் அப்பாவும் அவ்வாறு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்தாம். கடலோரத்து மீனவர்களோ இவர்கள் எல்லாருக்கும் முன்பிருந்தே இங்கு இருப்பவர்கள்.

திருவொற்றியூரில் இறங்கிக் கடற்கரையை ஒட்டியுள்ள பட்டினத்தார் அடக்கத்தலத்திற்குச் சென்றோம். செல்வத்தைத் துறந்து வெளியேறிய பட்டினத்தார், கையில் ஒரு பேய்க்கரும்பை ஏந்தி ஊர் ஊராக நடந்தார் என்பது செவிவழிக் கதை. கசக்கும் அக்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ, அதுவே தமக்கு உரிய இடம் என்பது அவருக்குக் கிடைத்த குறிப்பு. திருவொற்றியூரில் அது இனித்தது, அங்கேயே தங்கிவிட்டார். சிறுமியாய் இருந்தபோது இதை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். தன் இடம் எதுவென்று ஒருவருக்கு அவருடைய நாக்குச் சொல்லும் என்பதை அன்று கதையாகவே கேட்டேன். இம்முறை அக்கதை என்னை நோக்கிக் கேள்வி கேட்பதாய் இருந்தது. நாக்குச் சொன்னதை நான் குப்பையில் போட்டவள் அல்லவா?

அங்கிருந்து ஆட்டோவில் வடக்கே போனோம். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பெரும்பாறைகள் சாலையோரம் நெடுகக் கிடந்தன. சரக்குப்பெட்டகங்களைச் சுமந்த கனரக வண்டிகள் வரிசையாய் நின்றன. எர்ணாவூர், கத்திவாக்கம் கடந்து எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது.

கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் இடம் அது. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் கழிமுகம். அலையாத்திச் செடிகளின் வேர்களுக்கிடையே சேறு படிந்திருக்கும் அந்த ஆழமற்ற நீர்தான் இறாலின் தொட்டில். கடலில் முட்டையிலிருந்து வெளிவரும் இறால் குஞ்சுகள் நீரோட்டத்தோடு கழிமுகத்துக்குள் வந்து, அங்கே தின்று வளர்ந்து, பெரியவையாகி மீண்டும் கடலுக்குப் போகின்றன. ஆகவே, கழிமுகம் கெட்டால் ஆற்றில் இறால் குறைவதோடு நிற்பதில்லை. கடலில் வலை வீசுபவரின் கையும் வெறுமையாகும்.

என் சிறுவயதில் இங்கு ஆண்கள் வலை வீசுவதையும் பெண்கள் கையால் இறால் பிடிப்பதையும் நாள்தோறும் காண்பேன். இடுப்பளவு நீரில் அமர்ந்தவாறே நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி, விரலில் படும் இறாலைப் பிடித்துவிடுவார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கப் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. விரல் நுனிகளே கருவி. நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாததைக் கை அறிந்துகொள்ளும் அந்தத் திறன் எனக்கு அக்காலத்தில் மாயம்போல் தோன்றும்.

அவ்வாறு இறால் பிடித்து எங்கள் தெருவில் விற்றுவந்த ஆயா இப்போதும் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கரையில், ஒரு படகின் நிழலில், கூடையை முன்னே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. அருகில் சென்று நின்றேன். முகத்தைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார்.

"தையல்காரம்மா பொண்ணுதானே நீ? உங்கம்மா மூஞ்சி அப்படியே இருக்குது."

அம்மா தெருவுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்தவர். மகளை அருகில் அழைத்து அவள் கன்னத்தை ஆயா தடவிப் பார்த்தார். கூடையில் கைப்பிடியளவு இறால் கிடந்தது. மருமகள் அன்று காலை ஆற்றில் இறங்கிப் பிடித்துவந்ததாம். அதைக் கொடுங்கள், உங்கள் வீட்டிலேயே சமைத்துத் தாருங்கள், என் மகள் இந்த ஆற்று இறாலை உண்ண வேண்டும் என்றேன்.

ஆயா கூடையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது வேணாம் கண்ணு."

"ஏன் ஆயா?"

ஓர் இறாலை எடுத்து என் மூக்கருகில் நீட்டினார். மண்ணெண்ணெய் போன்றதொரு வாடை லேசாய் வீசியது.

"ஆறு இன்னும் தேறலை. எப்ப தேறுதுன்னு பாக்கத்தான் தினம் கொஞ்சம் புடிச்சாறச் சொல்றேன். இத உன் புள்ளைக்குக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

ஒரு மாதத்திற்கு முன், 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியது. அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் ஆற்றில் இறங்கிக் கழிமுகத்தை மூடியது. படகுகளும் வலைகளும் கருப்பாயின. அலையாத்திச் செடிகளின் தண்டுகளில் கரிய பட்டை படிந்தது. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் தங்கள் ஆற்றிலிருந்து எண்ணெயை அள்ளியெடுத்ததைத் தொலைக்காட்சியில் நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். இப்போது அந்தக் கரிய கோடு, வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதைக் காட்டும் அளவுகோல்போல், எதிரே நின்ற செடிகளில் அப்படியே இருந்தது. ஆயாவின் விரலிடுக்குகளிலும் கருமை இருந்தது.

"இந்தக் கை எத்தினி நாள் தேச்சும் போகலை" என்றார்.

இறாலை நம்பி வாழ்ந்தவர். விற்றால் அன்றைய செலவுக்காகும். வாங்கவும் ஒருத்தி வந்து நிற்கிறாள். ஆயினும் கொடுக்க மறுக்கிறார். அந்த மறுப்பின் முன் எனக்குப் பேச்சு எழவில்லை. ஆயா மெல்ல எழுந்து தம் குடிசைக்குள் போய் ஒரு துணிப்பையோடு வந்தார்.

"இது சென்னாக்கூனி. புயலுக்கு முந்தியே காஞ்சது. இத எடுத்துக்கினு போ. உங்கம்மா எங்கைலதான் வாங்கும். எம்பொண்ணு ஹாஸ்டல்ல எல்லாருக்கும் குடுத்துச்சாம், அத்தினி பேரும் நல்லா இருக்குதுன்னாங்களாம்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவும். உன் லெட்டர எடுத்தாந்து படிச்சுக்கூட காட்டுச்சு."

என் கையில் பை கனத்தது. முப்பது ஆண்டுகள் யாரிடமும் சொல்லாததை, என் மகள் கேட்க, ஆயாவிடம் சொன்னேன். அந்தப் பொடியை யாரும் உண்ணவில்லை, குப்பையில் போட்டுவிட்டேன், கடிதத்தில் எழுதியது பொய் என்றேன்.

ஆயா சற்று நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தெரியாமயே உங்கம்மா போய்ச் சேந்துச்சு. அதுவும் நல்லதுதான்" என்றார். பிறகு, பொக்கைவாயில் சிறிது சிரித்து, "இதையாச்சும் தூக்கிப் போடாதே" என்றார். பணம் கொடுக்க முனைந்தபோது வாங்கவில்லை.

மாலையில் இராயபுரம் வந்தோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பழைய நிலையக் கட்டடத்தின் தூண்களை மகளுக்குக் காட்டினேன். ஆனால், சிறுவயதில் நாங்கள் இராயபுரம் வந்தது தூண்களைப் பார்க்க அன்று. ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி அப்பாவுக்குச் சம்பளம். அன்று மாலை எங்களைப் பேருந்தில் அழைத்துவந்து ஒரு தள்ளுவண்டிக் கடையில் அத்தோ வாங்கித் தருவார். எங்கள் குடும்பத்துக்கு அதுதான் திருவிழா.

அத்தோ பர்மாவிலிருந்து வந்த உணவு. ஆங்கிலேயர் ஆட்சியில் வயல்வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வணிகத்திற்கும் தமிழர் பெருமளவில் பர்மா சென்றனர். இரண்டாம் உலகப்போரில், 1941 டிசம்பரில், இரங்கூன்மீது குண்டுகள் விழுந்தபோது பலர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா திரும்பினர். எஞ்சியவர்களின் வாழ்வை 1962இல் நிகழ்ந்த இராணுவ ஆட்சிமாற்றம் புரட்டிப்போட்டது. கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டன. 1964 முதல் இலட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேற நேர்ந்தது. கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களில் பலர் வடசென்னையிலேயே குடியேறினர். 1969இல் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவாயிற்று. சொத்தை விட்டுவர நேர்ந்தவர்கள் சுவையை விடவில்லை. கையில் முதல் இல்லாதவர்கள் தெருவோரம் தள்ளுவண்டி போட்டுத் தங்கள் ஊர் உணவை விற்றனர்.

அப்பா அழைத்துச் செல்லும் கடை அதே தெருவில் இருந்தது. இப்போது நடத்துபவர் அன்றைய கடைக்காரரின் பேரர். அகன்ற பாத்திரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் கோதுமை நூடுல்சு. அதில் ஒரு பிடி எடுத்து, மெல்லியதாய் நறுக்கிய முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், வறுத்த கடலைமாவு, மிளகாய்த்தூள், புளிக்கரைசல், கொத்தமல்லித்தழை எல்லாம் சேர்த்து, பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கையாலேயே பிசைந்தார். பக்கத்தில் ஆவி பறக்கும் வாழைத்தண்டுச் சாறு.

"கரண்டியால் கலக்கக் கூடாதா அண்ணே?" என்று மகள் கேட்டாள்.

"கலக்கலாம்மா. ஆனா அப்புறம் அது அத்தோ இல்ல" என்று சிரித்தார். பர்மிய மொழியில் 'அத்தோக்' என்றாலே கையால் பிசைந்து கலந்தது என்றுதான் பொருளாம். தாத்தா சொன்னதாகச் சொன்னார். எந்தப் பொருள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது விரலுக்குத்தான் தெரியும் என்றார். சேற்றைத் தடவும் ஆயாவின் விரல்கள் என் நினைவுக்கு வந்தன.

மொகிங்காவைப் பற்றியும் அவர் சொன்னார். பர்மாவில் அது மீன்சாற்றில் அரிசிச்சேவை போட்டு உண்ணும் காலை உணவு. இங்கே மீன் நீங்கிற்று, வாழைத்தண்டு நின்றது. வந்த ஊரின் நாக்குக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, அதே வேளையில் தன் பெயரையும் விடாமல் வைத்திருக்கிறது அந்த உணவு. ஊர் மாறியவுடன் பெயரையே மறைத்தவள் நான்.

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென மூக்கை உறிஞ்சினார். என் பை மடியில் இருந்தது. பழைய பழக்கம், என் கை தானாகவே அதைச் சேலைத்தலைப்பால் மூடப் போயிற்று.

"சென்னாக்கூனியா அக்கா? எண்ணூரா?"

ஒரு கணம் தயங்கினேன். "ஆமாம், எண்ணூர். என் ஊர்" என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க பாட்டி அத்தோவுல இதப் பொடிச்சுத் தூவுவாங்களாம். பர்மாவுல அப்படித்தானாம். இங்க வந்தப்புறம் கடையில போடறதில்ல. கொஞ்சம் குடுங்க, போட்டுப் பாக்கலாம்."

ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தேன். சூடான கல்லில் வறுத்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, பிசைந்த அத்தோவின்மேல் தூவினார். அந்த மணம் எழுந்தபோது அம்மாவின் அடுக்களையும் அந்த விடுதி அறையின் திறந்த சன்னலும் ஒருசேர என் முன் வந்தன. மகள் ஒரு வாய் உண்டாள். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாய்க்குக் கையை நீட்டினாள். கடைக்காரரும் சிறிது எடுத்து வாயில் போட்டு மென்றபடி, "பாட்டி இருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்க" என்றார். எண்ணூர் ஆற்றின் இறாலும் இரங்கூனிலிருந்து வந்த கைப்பக்குவமும் ஒரே இலைத்தொன்னையில் கிடந்தன. இரண்டும் எங்கள் ஊரினுடையவை.

கைமணம் என்று நாம் சொல்வது சமைப்பவரின் கையை மட்டும் குறிப்பதன்று என அன்று அறிந்தேன். சேற்றில் துழாவிய கை, கப்பலிலிருந்து பெட்டியோடு இறங்கிய கை, எண்ணெயை வாளியில் அள்ளிய கை, விற்க மறுத்த கை எல்லாம் அதனுள் இருக்கின்றன. உண்பவர் சுவையைப் பாராட்டுவது எளிது. அந்தக் கைகள் நனையும் நீர் என்னவாயிற்று என்று கேட்பது அவருடைய கடன். முப்பது ஆண்டுகள் அக்கடனை நான் நினைத்ததே இல்லை.

ஊர் திரும்பியதும் சென்னாக்கூனியை வறுத்து, அம்மா செய்தவாறே இடித்து, ஒரு புட்டியில் நிரப்பினேன். மகள் தன் பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில், "என் அம்மாவின் ஊர் எண்ணூர்" என்று புதிதாகத் தொடங்கினாள். பொடி இரண்டு மாதங்களில் தீர்ந்துபோயிற்று. ஆயாவின் மருமகளுடைய தொலைபேசி எண்ணை வாங்கிவந்திருந்தோம். அவ்வப்போது மகளே பேசுவாள்.

"ஆயா, ஆறு தேறிடுச்சா?"

"பாத்துக்கினுதான் இருக்கேன் கண்ணு. தேறுனதும் சொல்றேன்."

கழுவிக் காயவைத்த புட்டி எங்கள் அடுக்களை அலமாரியில் இருக்கிறது.